லாப்ரடாரா, ராஜபாளையமா? நாய் வாங்கும் முன் வீட்டிலுள்ள நோயாளரை நினையுங்கள்

ஆலோசனை முடிந்து, மருந்துச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்த பின்னர், கதவருகே நின்று கேட்கப்படும் கேள்விகளே பல நேரங்களில் முக்கியமான கேள்விகளாக அமைகின்றன. சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தினர் அவ்வாறுதான் கேட்டனர். ஆஸ்துமாவுக்காக என்னிடம் வரும் 9 வயதுச் சிறுவன், அவனுடைய தாயார், தாத்தா ஆகிய மூவரும் வந்திருந்தனர். தாத்தாவுக்கு வயது 70. சீரற்ற இதயத்துடிப்புக்காக ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்.

"டாக்டரம்மா, பேரனுக்கு நாய் வேண்டுமாம். அவன் லாப்ரடார் என்கிறான். நான் ராஜபாளையம் என்கிறேன். நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார் பெரியவர்.

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. நாய் வந்தால் அதன் வேலை முழுவதும் யார் தலையில் விழும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இக்கேள்வியை ஒரு நுரையீரல் மருத்துவரிடம் கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் வீட்டுக்குள் வரும் ஒரு பிராணி 10 முதல் 12 ஆண்டுகள் அங்கே வாழப்போகிறது. அந்த வீட்டில் நோயாளர் ஒருவர் இருப்பின், அது மருத்துவம் சார்ந்த முடிவும் ஆகும். இதே ஐயம் பலருக்கும் இருக்கக்கூடும் என்பதால், அன்று அவர்களுக்குச் சொன்னவற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு இனங்கள், இரண்டு இயல்புகள்

ஒவ்வொரு நாய் இனமும் மனிதன் ஒரு வேலைக்காகப் பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்து வளர்த்ததாகும். அந்த வேலை எதுவென்று அறிந்தால், அதன் இயல்பு பெரும்பாலும் விளங்கிவிடும்.

லாப்ரடாரின் மூதாதையர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு வாழ்ந்தவை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, சுட்டு வீழ்த்திய பறவைகளைச் சிதைக்காமல் வாயில் கவ்வி எடுத்துவரும் பணிக்குப் பழக்கப்படுத்தப்பட்டன. 1903இல் அங்குள்ள கென்னல் கிளப் இதனைத் தனி இனமாக ஏற்றது. மனிதரோடு சேர்ந்து, அவர் சொற்கேட்டு வேலை செய்வதே இதன் குணம். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் பணியில் இவ்வினம் உலகெங்கும் பயன்படுவதற்குக் காரணமும் அதுவே. புதியவர்களையும் குழந்தைகளையும் பொதுவாக எளிதில் ஏற்றுக்கொள்ளும். காவலுக்கு அவ்வளவு பொருத்தமன்று.

குளிர்ந்த நீரில் நீந்துவதற்கென அமைந்த இரட்டை அடுக்கு ரோமம் இதற்கு உண்டு. ஆகவே உதிரும் ரோமமும் மிகுதி. நம் ஊர்க் கோடை வெயிலும் இதற்குப் பகை. நாய்களுக்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. பகல் வெயிலில் நடக்கவைக்கப்படும் லாப்ரடார் வெப்பத் தாக்கத்தால் இறந்துபோகவும் கூடும். அடுத்தது, உடற்பருமன். இவ்வினத்தில் சில நாய்களுக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றின் ஒரு பகுதி இல்லை என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தனர். தட்டு காலியான பின்னும் அது நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இடுப்பு மூட்டுக் கோளாறும் இவ்வினத்தில் அதிகம். எடை கூடினால் அது மேலும் மோசமாகும்.

ராஜபாளையம் நம் மண்ணின் இனம். விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயரையே தாங்கி நிற்பது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்காக வெளியிட்ட நான்கு அஞ்சல்தலைகளுள் ஒன்று இதற்கு உரியது. உயரமான, ஒடுங்கிய உடல், பால் வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டம், வயல் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. தன் வீட்டாரிடம் பேரன்பு காட்டும். அவர்களுள்ளும் ஒருவரையே தலைவராகக் கொள்ளும். புதியவர்களை நம்பாது. ஓடுகின்ற எதையும் துரத்தும்.

இதன் ரோமம் குட்டையானது; நம் வெப்பத்தை லாப்ரடாரைவிட நன்கு தாங்கும். ஆயினும் இளஞ்சிவப்புத் தோல் கடும் வெயிலில் புண்ணாகக் கூடும். மற்றொன்றையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். முழு வெள்ளை நிறமுள்ள நாய் இனங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை ஏற்படுவதுண்டு; ராஜபாளையம் குட்டிகளிலும் இது காணப்படுகிறது. காது கேளாத நாய், பின்னால் வரும் குழந்தையை அறியாது; திடீரெனத் தொடப்பட்டால் அச்சத்தில் கடிக்கக் கூடும். குட்டியை வாங்கும் முன், அது நம்மைப் பார்க்காத நேரத்தில் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பது எளிய முதற்சோதனை. ஐயம் இருப்பின் கால்நடை மருத்துவர் ஆராய்ந்து சொல்வார்.

சுருங்கச் சொன்னால், லாப்ரடாருக்குத் தேவை ஆள்துணையும் உணவுக் கட்டுப்பாடும். ராஜபாளையத்துக்குத் தேவை ஓடுவதற்கு இடமும், நாய் வளர்த்துப் பழகிய, உறுதியான ஒரு கையும். இரண்டில் எது நல்ல நாய் என்று கேட்டால் பதில் இல்லை. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று கேட்டால் பதில் உண்டு.

ஆஸ்துமா உள்ள வீட்டில்

"குட்டை ரோமம் உள்ள ராஜபாளையம் என்றால் ஒவ்வாமை வராதல்லவா?" என்று தாயார் அப்போதுதான் முதன்முறையாக வாய் திறந்தார்.

இது பரவலான தவறான நம்பிக்கை. நாயினால் வரும் ஒவ்வாமைக்கு ரோமம் காரணமன்று. நாயின் உமிழ்நீரிலும், தோலிலிருந்து உதிரும் கண்ணுக்குப் புலப்படாத செதில்களிலும், சிறுநீரிலும் உள்ள புரதங்களே காரணம். இவை எல்லா இனங்களுக்கும் பொது. ஒவ்வாமையே தராத இனம் என்று எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி விற்கப்படும் நாய்களுக்கு அதிக விலை கொடுப்பதில் பயனில்லை. ஓர் இனத்துக்குள்ளேயே ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் இடையே வேறுபாடு பெரிதாக இருக்கிறது.

இவ்விடத்தில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், மூச்சிரைப்போடு வந்த ஒரு சிறுமியின் வீட்டில் நாய் இருப்பதை அறிந்தவுடன், "நாயை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்" என்றேன். எந்தச் சோதனையும் செய்யவில்லை. அவர்கள் கொடுத்துவிட்டனர். மூன்று மாதங்களுக்குப் பின்னும் இரைப்பு குறையவில்லை. பிறகு நிதானமாக விசாரித்தபோது, மூடிய அறையில் இரவு முழுவதும் கொசுவர்த்திச் சுருள் எரிவது தெரியவந்தது. ஒவ்வாமைச் சோதனையில் அவளுக்கு வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிகளே ஒவ்வவில்லை, நாய் அன்று. கொசுவலைக்கு மாறி, மெத்தைக்கு உறையிட்டு, உறிஞ்சு மருந்தைத் தவறாது எடுத்த பின் அவள் நலமடைந்தாள். ஆனால் நாய் திரும்பி வரவில்லை. அந்தக் குழந்தை அதன்பின் என்னிடம் சிரித்ததாக நினைவில்லை.

எனவே இன்று நான் சொல்லும் வரிசை இதுதான். முதலாவதாக, ஆஸ்துமா நன்கு கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வாரத்தில் பல நாள் இரைப்பும் இரவு இருமலும் உள்ள நிலையில் புதிதாக நாய் வாங்கலாகாது. இரண்டாவதாக, தோலில் குத்திப் பார்க்கும் சோதனை அல்லது ரத்தச் சோதனை மூலம் நாய் ஒவ்வாமை உண்டா என்று அறிய வேண்டும். மூன்றாவதாக, வாங்குவதற்கு முன் நாய் வளர்க்கும் உறவினர் வீட்டில் சில மணி நேரம் வீதம் பல முறை குழந்தை இருந்து பார்க்க வேண்டும். ஒருமுறை போய் வந்து முடிவு செய்யலாகாது.

சோதனையிலும் ஒவ்வாமை தெளிவாகத் தெரிந்து, நாயருகே சென்றால் அறிகுறியும் தோன்றினால், அக்குழந்தைக்காக நாய் வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கிப் பார்த்து ஒத்துவராவிட்டால் கொடுத்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். நாய் வெளியேறிய பின்னும் அதன் புரதங்கள் மெத்தையிலும் திரைச்சீலையிலும் பல வாரங்கள், சில நேரம் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். குழந்தையின் மனத்தில் அதைவிட நீண்ட நாள் தங்கியிருக்கும்.

ஒவ்வாமை இல்லாத ஆஸ்துமா குழந்தையின் வீட்டிலும், படுக்கையறைக்குள் நாயை விடாதிருத்தலும், துடைப்பத்தால் கூட்டித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் தரையைத் துடைத்தலும் நல்ல பழக்கங்கள்.

முதியோர் உள்ள வீட்டில்

ராஜபாளையமோ லாப்ரடாரோ, வளர்ந்த நாய் ஒன்று பூனையைக் கண்டு பாய்ந்தால் கயிற்றைப் பிடித்திருக்கும் முதியவர் நிலைதடுமாறுவார். வளர்ந்த ஆண் லாப்ரடாரின் எடை 30 கிலோவுக்கு மேல் இருக்கும். வேகத்தில் ராஜபாளையம் அதனையும் மிஞ்சும். எலும்பு மெலிந்த முதியோர்க்கு அந்த ஒரு நொடியே இடுப்பெலும்பு முறிவாக முடியலாம். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடப்பது ஆபத்து. விழும்போது கையை விடுவிக்க இயலாது.

ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் மேலும் கவனமாக இருத்தல் வேண்டும். வார்ஃபரின் மட்டுமன்று, அதே பணியைச் செய்யும் புதிய மாத்திரைகளும், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவையும் இதில் அடங்கும். இவர்களுக்கு நகக்கீறலிலிருந்தும் ரத்தம் நெடுநேரம் கசியலாம். விழுந்து தலையில் அடிபட்டால், வலியோ காயமோ இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தும் தோன்றக் கூடும்.

இதனால் முதியோர் நாயோடு பழகவே கூடாது என்பதன்று. நாய் வளர்ப்போர் நாள்தோறும் நடக்கின்றனர், தனிமையும் குறைகிறது. நாய் வளர்ப்பு இதய நோய் வாய்ப்பைக் குறைக்க ஓரளவு உதவக்கூடும் என்று அமெரிக்க இதய சங்கம் 2013இல் கருத்து வெளியிட்டது. ஆனால் அந்த நோக்கத்துக்காக மட்டும் நாய் வாங்க வேண்டாம் என்றும் அதே அறிக்கை கூறியது. நடப்பவருக்குத்தான் பயன், நாய் வாங்கி வேறொருவரை நடக்கச் சொன்னால் பயன் அவருக்கே.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் உள்ள வீட்டில்

புற்றுநோய்க்கு மருந்துச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றோர், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வோர், மண்ணீரல் அகற்றப்பட்டோர் ஆகியோருக்கு நாயின் வாயில் இயல்பாக வாழும் கிருமிகளும் கடுமையான தொற்றைத் தரலாம். இவர்கள் 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளையும், வயிற்றுப்போக்குள்ள நாயையும் தவிர்த்தல் நலம். புண்ணையோ முகத்தையோ நாய் நக்க விடக் கூடாது. கழிவை அள்ளும் வேலையை வேறொருவர் செய்ய வேண்டும். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்வோர், திரவம் மாற்றும் அறைக்குள் நாயை எக்காரணம் கொண்டும் விடலாகாது. குழாயில் பற்களோ நகமோ பட்டால் வயிற்று உறையில் தொற்று ஏற்படும்.

சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் காலத்தில் புதிய குட்டியை வாங்காதீர்கள். ஏற்கெனவே வீட்டில் வளர்ந்து, தடுப்பூசி போடப்பட்ட நாய் இருப்பின் அதனை விரட்ட வேண்டியதில்லை. மேற்சொன்ன ஒழுங்குகளைக் கடைப்பிடித்தால் போதும். உங்கள் மருத்துவரிடம் மட்டும் தவறாது தெரிவியுங்கள்.

எந்த இனமாயினும் தவிர்க்க முடியாதவை

ரேபீஸ் நோய்க்கு இனவேறுபாடு இல்லை. விலைகொடுத்து வாங்கிய குட்டிக்கு அது வராது என்பதும், குட்டி நாய் கடித்தால் ஊசி வேண்டாம் என்பதும் உயிரைப் பறிக்கும் தவறுகள். அறிகுறி தோன்றிய பின் இந்நோய்க்குச் சிகிச்சை இல்லை என்றே சொல்லலாம். தோன்றுமுன் ஏறத்தாழ முழுமையாகத் தடுக்க முடியும்.

நாய்க்கு 3 மாத வயதில் முதல் ரேபீஸ் தடுப்பூசியும், பின்னர் கால்நடை மருத்துவர் குறிக்கும் நாட்களில் ஊக்க ஊசிகளும் போட வேண்டும். எலிக்காய்ச்சலைத் தடுக்கும் ஊசியும் இதனோடு சேர வேண்டும். நாயின் சிறுநீர் வழியாக அந்நோய் மனிதருக்குப் பரவும். குட்டிகளுக்கு இரு வாரத்துக்கு ஒருமுறையும், வளர்ந்தபின் பொதுவாக 3 மாதத்துக்கு ஒருமுறையும் குடற்புழு நீக்க மருந்து தேவை. நாயின் உருளைப்புழு முட்டைகள் மண்ணில் கலந்து, விளையாடும் குழந்தைகளின் கைவழியே வயிற்றுக்குள் சென்று, ஈரலையும் கண்ணையும் தாக்கக் கூடும். உண்ணிகளையும் அவ்வப்போது பார்த்து நீக்க வேண்டும்.

கடித்தாலோ, ரத்தம் வரக் கீறினாலோ, புண்ணை நக்கினாலோ, அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எண்ணெய் எதையும் தடவாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தோலில் போடும் முறையில் முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களில் தடுப்பூசி போடப்படும். காயம் ஆழமாயின் அதனைச் சுற்றி எதிர்ப்புரத மருந்தும் செலுத்தப்படும். தடுப்பூசி போட்ட வீட்டு நாய்தான் கடித்தது என்றாலும், ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கடியை மறைக்கக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். திட்டுவார்கள் என்று அஞ்சி மறைத்த கீறல்களே பெரும் துயரங்களில் முடிந்துள்ளன.

எவ்வளவு சாதுவான நாயாயினும், சிறு குழந்தையோடு தனியே விட்டுச் செல்லாதீர்கள். உண்ணும்போதும் உறங்கும்போதும் அதனைத் தொடலாகாது.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. அதிகாலையிலும் மாலையிலும் நாயை அழைத்துச் செல்லப்போகும் ஒருவரின் பெயரைச் சொல்ல முடியுமா? "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்பது பதிலன்று.
2. அவர் நோயுற்றாலோ வெளியூர் சென்றாலோ அடுத்தவர் யார்?
3. வீட்டில் ஆஸ்துமா, ரத்த உறைவுத் தடுப்பு மருந்து, எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவற்றுள் எதுவேனும் உண்டா? மருத்துவரிடம் கேட்டாயிற்றா?
4. நாயின் உணவு, ஊசி, மருந்துச் செலவு நோயாளரின் மருந்துச் செலவோடு சேர்ந்து தாங்கக் கூடியதா?
5. அது ஓடுவதற்கு இடம் உண்டா? கோடைப் பகலில் நிழலும் காற்றும் தண்ணீரும் உண்டா?
6. குட்டிதான் வேண்டுமா? குணம் தெரிந்த, பழக்கப்பட்ட வளர்ந்த நாய் முதியோர் வீட்டுக்கு ஏற்றதாகலாம்.

அக்குடும்பத்தினர் இக்கேள்விகளை எழுதிச் சென்றனர். சிறுவனுக்கு நாய் ஒவ்வாமை இல்லை என்று சோதனையில் தெரிந்தது. ஆனால் இரவு இருமல் முழுவதும் அடங்கும் வரை 4 மாதம் காத்திருக்கச் சொன்னேன். அந்த 4 மாதமும் அவன் ஒரு வேளை கூட உறிஞ்சு மருந்தைத் தவறவிடவில்லை என்றார் தாயார். நான் சொல்லி நடக்காதது நாய்க்காக நடந்தது. அவர்களது வீடு இரண்டாம் மாடி. ராஜபாளையத்தைப் பற்றிப் பெரியவரே முடிவுக்கு வந்திருந்தார். "அதற்குத் தோட்டம் வேண்டும், டாக்டரம்மா. ஊரில் இருந்த தோட்டத்தை நானே விட்டுவிட்டு வந்தவன். அதனைக் கூட்டிவந்து மாடியில் அடைப்பது நியாயமன்று" என்றார்.

வெளியூருக்கு மாற்றலான நண்பர் குடும்பத்திடமிருந்து 5 வயதுப் பெண் லாப்ரடார் ஒன்று அவர்களிடம் வந்து சேர்ந்தது. காலையில் தந்தையும் மாலையில் தாயாரும் கயிற்றைப் பிடிக்கின்றனர். சோறு வைப்பதும் கழிவை அள்ளுவதும் யார் யார் என்று எழுதிச் சமையலறையில் ஒட்டியிருக்கிறார்களாம். பெரியவர் கயிற்றைத் தொடுவதில்லை. அருகில் கைத்தடியோடு நடக்கிறார். சென்ற மாதம் பரிசோதனைக்கு வந்தபோது, நாய்க்கு எடை கூடிவிட்டதாகக் கால்நடை மருத்துவர் கடிந்துகொண்டதைச் சொன்னார். பிஸ்கட் கொடுப்பது யார் என்று கேட்டேன். பேரன் தாத்தாவைப் பார்த்தான்.